தெற்கே அடித்த காற்று

ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க வாலு எழுதுறது. நானும் வந்து சேர்ந்துட்டேன், பெட்டியும் வந்து சேர்ந்துச்சு. வழியில எதுவும் தொலையல, என்னையும் சேர்த்து. உங்க உடம்பு எப்படி இருக்கு? அப்பா முட்டி வலிக்கு மருந்து தடவுறாரா, இல்ல பாட்டிலை அலமாரியில வச்சு அழகு பாக்குறாரா?

பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா என்ன படிக்கிறேன்னு கேட்டாங்க. புவி அமைப்பு அறிவியல், கடைசி வருஷம்னேன். பூகம்பம் எப்ப வரும்னு சொல்லுவியான்னாங்க. முடியாதுன்னேன். பின்ன என்னத்தைப் படிக்கிறன்னாங்க. காத்து, கடல், மண்ணு, உயிரு நாலும் ஒண்ணை ஒண்ணு எப்படி இழுக்குதுன்னு படிக்கிறோம்னேன். எங்க வீட்டுலயும் நாலு பேரு அப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம், அதுக்கா பட்டம் குடுக்குறாங்கன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க குடுத்த முறுக்கைத் தின்னுக்கிட்டே வந்தேன்.

இந்த வருஷம் கடலோட்டம் தனிப் பாடமா வருது அண்ணி. நான் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தேன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் படகு திரும்பாத அந்த வாரம், கரையில உங்க மடியில படுத்துக்கிட்டு, எங்க போச்சுன்னு ஒருநாள் நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். அதை மறக்கல.

வழக்கம்போல போன் வேண்டாம். போன்ல பேசினா ரெண்டு பேரும் அழறோம், அப்பா கூடத்துல உக்காந்து கேக்குறாரு. கடுதாசியில அழுதா சத்தம் வெளிய வராது.

அன்புடன்,
உங்க வாலு


ஜூலை 9

என் வாலுக்கு,

அண்ணி எழுதுவது. எனக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன். மருந்து பாட்டில் அலமாரியிலதான் இருக்கு, நீ சொன்னது சரிதான். நேரத்துக்குச் சாப்பிடுறியா?

ஐஸ் பேக்டரியில புது ரம்பம் வந்திருக்கு. கட்டியை அறுக்கும்போது பல்லு கூசுது. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஈரத்துல நின்னு கால் விரல் எல்லாம் வெளுத்துப் போச்சு. ஆனா கை வேலையா இருந்தா மனசு கொஞ்சம் சும்மா இருக்கு.

துறைமுக ஆபீசுல இருந்து மறுபடியும் ஆள் வந்தாரு. மூணு வருஷம் ஆச்சாம், நான் கையெழுத்து போட்டா உங்க அண்ணன் இறந்துட்டாருன்னு எழுதித் தருவாங்களாம். அப்பா எதிர்க்கவே உக்காந்திருந்தாரு. ஆள் போனதும், உனக்கு முப்பதுகூட முடியலம்மா, எத்தனை நாளைக்கு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பன்னு கேட்டாரு. பெத்தவரே கேக்குறாரு, நான் என்ன சொல்ல. உங்க அண்ணனோட கூட்டாளி மெக்கானிக்கும் வந்திருந்தாரு. நல்லா ஓடுற நம்ம வீட்டுத் தண்ணி மோட்டாரை இந்த மாசம் ரெண்டு தடவை கழட்டி மாட்டிட்டாரு, கல்லுளிமங்கன். ஒரு வார்த்தை பேசல. அப்பாகிட்ட என்னைப் பத்தி ஏதோ கேட்டிருக்காரு போல, என்னன்னு உனக்கே தெரியும்.

எனக்குக் கையெழுத்து போட மனசு வரல வாலு. அவர் போனாருன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? சாயங்காலம் வாக்கி டாக்கியில, இன்ஜின் நின்னுடுச்சு, தண்ணி ஏறுது, இந்த இடத்துல இருக்கேன்னு சொன்னாரு. விடிஞ்சு போய்ப் பாத்தா ஆளும் இல்ல, படகும் இல்ல. எனக்கு இருக்குற ஒரே ஆறுதல் நாம தேடாம விடலங்கிறதுதான். தேடக் கிளம்பின படகுல பாதி வடக்க போகட்டும், பாதி தெற்க போகட்டும்னு உங்க அப்பா சொன்னாரு. நான்தான் விடல. துப்பட்டாவைத் தூக்கிப் பிடிச்சுக் காட்டினேன், காத்து இப்படித் தெற்க அடிக்குது, படகு மட்டும் எப்படி வடக்க போகும், எல்லாரும் தெற்கேயே போங்கன்னு ஒத்தக்கால்ல நின்னேன். போனாங்க. ஒரு வாரம் அந்தப் பக்கத்துக் கடலை சல்லடை போட்டாங்க. அதை நினைச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருது.

உடம்பைப் பாத்துக்க. ஆழம் தெரியாம காலை விடாதன்னு சொல்லுவாங்க, நீ ஆழத்தையே படிக்கப் போயிருக்க.

அன்பு அண்ணி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு ஒரு வாரமா ஜலதோஷம், அதைத் தவிர சுகம். உங்க கால் விரலுக்கு ராத்திரி எண்ணெய் தடவுங்க.

கடைசி வருஷத் திட்ட வேலைக்கு ஆளுக்கொரு தலைப்பு எடுக்கச் சொல்லிட்டாங்க. என் அறைத்தோழி ஏரிச் சேறு எடுத்திருக்கா, பாதிச் சேறு எங்க அறைத் தரையிலதான் இருக்கு. எங்க வாத்தியாரம்மா என்கிட்ட, கடல்ல தொலைஞ்ச பொருள் எங்க போகும்னு கணக்குப் போட ஒரு வழி இருக்கு, உங்க ஊர்ப் பக்கம் ஏதாவது சம்பவம் இருந்தா எடுன்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

எப்படின்னா, அந்த வாரத்துக் காத்து, அலை, நீரோட்டம் எல்லாம் செயற்கைக்கோள்ல பதிவாகி இருக்கு. அதை கம்ப்யூட்டர்ல ஏத்தி, படகு நின்ன இடத்துல ஆயிரம் புள்ளியை விடுவோம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு படகு. மணிக்கு மணி அது எங்க நகருதுன்னு பாக்கலாம். பெரும்பாலான புள்ளி எங்க போகுதோ அங்கதான் படகும் போயிருக்கும்.

நான் இதுக்குத்தான் வந்தேன், ஆனா இப்ப பயமா இருக்கு. வேண்டாம்னு ஒரு வரி எழுதுங்க, நானும் சேற்றையே எடுத்துக்கிறேன்.

உங்க வாலு


செப்டம்பர் 11

வாலு,

ஜலதோஷம் போச்சா? வெந்நீர்ல ஆவி பிடி. இங்க எல்லாரும் சுகம்.

போடு. மூணு வருஷமா அவர் இருக்காரா இல்லையான்னு தொங்கிக்கிட்டு இருக்கேன். கதவு தட்டுற சத்தம் கேட்டா இன்னும் எழுந்து ஓடுறேன். பால்காரரா இருந்தாலும் ஓடுறேன். நீ கணக்குப் போட்டு, தெற்க போச்சு, முதல் ராத்திரியே முழுகிடுச்சுன்னு சொல்லு. அது போதும். அடுத்த நாளே கையெழுத்து போட்டுடுறேன். அப்பாகிட்டயும் ஆபீசுலயும் சொல்லிட்டேன், வாலு சொல்லட்டும், அதுக்கப்புறம் பாக்கலாம்னு.

சீக்கிரம் எழுது.

அண்ணி


நவம்பர் 2

என் கண்ணு வாலுக்கு,

நல்லா இருக்கியா? ரெண்டு மாசம் ஆகப் போகுது. அக்டோபர்ல ஒரு கடுதாசி போட்டேன், அதுக்கும் பதில் இல்ல. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்க. நேத்து அப்பா உன் விடுதிக்கு போன் பண்ணினப்ப, பரீட்சை இருக்கு, அப்புறம் பேசுறேன்னு சொன்னியாம். குரல் கம்மி இருந்துச்சாம். அவருக்கு அது ஜலதோஷம். எனக்கு அப்படித் தோணல.

கணக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லு. யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டோம். வந்திருந்து சொல்ல முடியலையோன்னு ஒரு நினைப்பு வருது, உடனே அதை விரட்டிடுறேன். ஆபீஸ் ஆள் போன வாரமும் வந்தாரு. இருங்க, என் நாத்தனார் படிச்சுக்கிட்டு இருக்கான்னேன்.

பதில் போடு வாலு. ஒரு வரி போதும்.

அண்ணி


நவம்பர் 14

மெக்கானிக் அண்ணனுக்கு,

வணக்கம். நான் உங்க கூட்டாளியோட தங்கச்சி. நீங்க சுகமா இருக்கணும். இதை உங்க பட்டறை விலாசத்துக்கு அனுப்புறேன், வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம். யார்கிட்டயாவது சொல்லலைன்னா என் நெஞ்சு வெடிச்சிடும். நீங்க பேசவே மாட்டீங்க, அதனால உங்ககிட்ட சொல்றேன்.

அண்ணன் படகு தெற்க போகல. வடக்க போயிருக்கு.

காத்து தெற்கதான் அடிச்சிருக்கு, அண்ணி பாத்தது சரி. கரையோரத் தண்ணியும் தெற்கதான் ஓடியிருக்கு. ஆனா அண்ணன் நின்ன இடம் திடீர்னு ஆழம் ஆரம்பிக்கிற இடத்துக்கு அப்பால. அங்க அந்த வாரம் ஓட்டம் வடக்க திரும்பியிருக்கு. வாக்கி டாக்கியில தண்ணி ஏறுதுன்னு சொன்னானே, அப்படிப் பாதி முழுகின படகுல காத்துக்குப் பிடிக்க ஒண்ணும் இருக்காது, ஓட்டம்தான் இழுத்துக்கிட்டுப் போகும். எத்தனை தடவை போட்டுப் பாத்தாலும் புள்ளி எல்லாம் வடக்கதான். மூணாவது நாள் அது திரும்பக் கரைப் பக்கம் நெருங்கி வருது. நம்ம கலங்கரை விளக்கு தெரியுற தூரம். அன்னைக்கு நம்ம படகு எல்லாம் தெற்க இருந்துச்சு.

குடிக்கிற தண்ணி கேனை நீங்கதானே அன்னைக்கு ஏத்தினீங்க, அது முழுசா இருந்துச்சா?

அண்ணிக்கு இது தெரியவே கூடாது. பாதிப் படகை வடக்க போக விடாம நிறுத்தினது அவங்கதான். அந்தத் தேடல் ஒண்ணை நம்பித்தான் அவங்க தூங்குறாங்க. தெரிஞ்சா அதுவும் போயிடும்.

தங்கச்சி


டிசம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா இருக்கேன். இத்தனை நாள் எழுதாததுக்கு என்னைத் திட்டுங்க. பரீட்சை, அது இதுன்னு ஓடிடுச்சு. கம்ப்யூட்டர் வேற பழுதாயிடுச்சு.

கணக்கு முடிஞ்சிடுச்சு அண்ணி. புள்ளி எல்லாம் தெற்கதான் போச்சு, நீங்க சொன்ன மாதிரியே. நம்ம ஆளுங்க தேடின இடத்துக்குள்ளதான் எல்லாம் இருக்கு. தண்ணி ஏறின வேகத்தைப் பாத்தா முதல் ராத்திரியே முழுகியிருக்கும். அண்ணன் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். விடிஞ்சு போனவங்க யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது.

நீங்க கையெழுத்து போட்டுடுங்க. அப்பா சொல்றதையும் கேளுங்க. வாத்தியாரம்மா என் வேலை நல்லா இருக்குன்னாங்க.

உடம்பைப் பாத்துக்கங்க. குளிருல ரொம்ப நேரம் நிக்காதீங்க.

உங்க வாலு


ஜனவரி 6

தங்கச்சிக்கு,

சுகம். அங்கயும் சுகம்னு நம்புறேன். எனக்கு எழுத வராது.

கேன் முழுசா இருந்துச்சு. நான்தான் ஏத்தினேன்.

உன் கடுதாசிக்கு அப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. இன்ஜின் வேலைன்னு சொல்லிட்டு வடக்குப் பக்கக் கரை எல்லாம் குடிசை குடிசையாப் போனேன். வடக்க கடலுக்குள்ள நீளுற நில முனைக்கு நம்ம ஊர்ப் பக்கமா ஒரு சின்னக் குடா இருக்கு. அங்க ஒரு வீட்டுல தண்ணித் தொட்டிக்கு மூடியா ஒரு ஐஸ் பெட்டிப் பலகை. அதுல உங்க அண்ணி பெயிண்டுல எழுதின படகு நம்பர். மூணு வருஷம் முன்னாடி பெருங்காத்து அடிச்ச அந்த வாரத்துக்கு அப்புறம் ஒதுங்குச்சாம். வரும்போது கொக்கிக் கழியோட சேர்த்துக் கட்டி, துடுப்பு மாதிரி இருந்துச்சாம். கழியைக் கொடிக்கம்பம் ஆக்கிட்டாங்க. பலகையில கத்தியால குத்தின ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணுல அவன் கோடு போட்ட சட்டைத் துணி இன்னும் முடிச்சா இருக்கு.

மறைக்கணும்னுதான் வண்டியில சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்தேன். ஆபீசுல கொடுத்த தேதி அன்னைக்குத்தான், உங்க அண்ணி கையெழுத்து போடக் கிளம்பி வாசல்ல நின்னாங்க. என் மூஞ்சியைப் பாத்துட்டு என்ன அதுன்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல. மன்னிச்சுக்க.


பிப்ரவரி 10

வாலு,

எப்படி இருக்கன்னு கேக்க மாட்டேன். தெரியும். நான் இருக்கேன்.

மெக்கானிக் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உன் கடுதாசியையும் நான்தான் பிடுங்கிப் படிச்சேன், அவர்மேல கோபப்படாத. பலகை என் கட்டிலுக்கு அடியில இருக்கு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஒரு மாசமா எழுத உக்காருறதும் எழுந்து போறதுமா இருக்கேன். பேக்டரிக்குப் போறேன், ஐஸ் அறுத்துக் குடுக்குறேன், வரேன். படகுக்காரங்க முகத்தைப் பாக்க முடியல. அவங்க எல்லாரும் என் பேச்சைக் கேட்டுத்தானே போனாங்க. பாதியாவது வடக்க போகட்டும்னு ஒரு பெரிய மனுஷன் சொன்னாரு. எல்லாம் தெரிஞ்சவ மாதிரி நான் துப்பட்டாவைப் பிடிச்சேன்.

நீ தெற்குன்னு எழுதினதை நான் நம்பினேன் வாலு. அந்தக் கடுதாசி வந்து ஒரு மாசம், பலகை வர்ற வரைக்கும், கதவு தட்டினா எழுந்து ஓடாம படுத்திருந்தேன். மூணு வருஷத்துல நான் நல்லாத் தூங்கினது அப்பதான். அதனால உன்மேல கோபப்பட வரமாட்டேங்குது. எனக்காக நீ ஒத்தையா இதைத் தூக்கிச் சுமந்திருக்க, அதைத்தான் தாங்க முடியல.

இப்ப ஒண்ணு கேக்குறேன். நேத்து ஆபீசுக்குப் போனேன். கையெழுத்து போடப் பேனாவும் எடுத்துட்டேன். அதுல இறந்த நாள்னு ஒரு கட்டம் இருக்கு. காணாமப் போன நாளையே போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்கன்னாரு அந்த ஆள். என்னால முடியல. அன்னைக்கு அவர் சாகல. சட்டையைக் கிழிச்சுத் துடுப்பு கட்டிக்கிட்டு இருந்திருக்காரு. உயிரோட இருந்த மனுஷனை நான் எப்படி அன்னைக்கே சாகடிக்கிறது? பேனாவை வச்சுட்டு வந்துட்டேன்.

எந்த நாள்னு எழுதட்டும்? நீ சொன்னா எழுதுறேன். இனிமே எனக்குப் பொய் எழுதாத. மெக்கானிக் பத்தியும் இப்ப எதுவும் எழுதாத.

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணி,

நான் சாப்பிடுறேன், நடக்குறேன், வகுப்புக்குப் போறேன். நீங்களும் சாப்பிடுங்க.

பொய் எழுத மாட்டேன். பாதிப் படகு வடக்க போயிருந்தா கிடைச்சிருப்பானான்னு நீங்க கேக்கல. ஆனா கேட்டுக்கிட்டேதான் இருப்பீங்க. கிடைச்சிருக்கலாம் அண்ணி. கிடைக்காமலும் போயிருக்கலாம், கடல் பெருசு. ஆனா கிடைச்சிருக்கலாம். இதை எழுத எனக்கு நாலு காகிதம் ஆச்சு. அந்த ஓட்டத்தைப் பத்தி அன்னைக்குக் கரையில யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. மூணு வருஷம் படிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. துப்பட்டாவுக்கு எப்படித் தெரியும்?

மெக்கானிக் அண்ணன்கிட்ட அந்தக் குடா எங்க இருக்குன்னு போன்ல கேட்டு வாங்கி, எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து போட்டேன். படகுக்குப் போட்டேன், பலகைக்குத் தனியாப் போட்டேன். ஆயிரம் புள்ளிக்குப் பதிலா பத்தாயிரம் விட்டேன். எல்லாம் மூணாவது நாள் கரைப் பக்கம் நெருங்கி வருது, அப்புறம் முனையைத் தாண்டி அந்தப் பக்கம் வெளிய போயிடுது. ஒரு புள்ளிகூட இந்தப் பக்கத்துக் குடாவுக்குள்ள வரல. ஒண்ணுகூட. ஓட்டம் அதை விடவே விடாது.

வாத்தியாரம்மாகிட்ட காட்டினேன். எதுக்குன்னு சொல்லல. பொருள் கிடைச்ச இடமும் கணக்கு காட்டுற இடமும் சேரல, அந்த வித்தியாசத்தைப் பிழைன்னு எழுதிடு, இந்த மாதிரி வேலையில அது சகஜம்னாங்க. சரிங்கன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தேன். என்னால அந்த வார்த்தையை எழுத முடியல. என் கணக்குல காத்து இருக்கு, அலை இருக்கு, ஓட்டம் இருக்கு. துடுப்பு இல்ல அண்ணி. நான் அதைப் போடவே இல்ல. படகை விட்டா அதுபாட்டுக்குப் போகும்னுதான் போட்டேன்.

கணக்கு காட்டுற இடத்துக்கும் பலகை ஒதுங்கின இடத்துக்கும் நடுவுல இருக்குற கடல் அத்தனையும் அண்ணன் கையால துடுப்பு வலிச்சுக் கடந்தது. வீட்டுப் பக்கமா வலிச்சிருக்கான்.

அவ்வளவு தூரத்தை அந்தப் பலகையை வச்சு ஓட்டத்துக்கு எதிரா வலிக்க, மூணாவது நாள் போதாது. நாலாவது நாள் முழுக்க வேணும். அஞ்சாவது நாள் இருந்தானான்னு எனக்குத் தெரியாது, அதைச் சொல்ல எனக்கு வழி இல்ல. ஆனா நாலாவது நாள் இருந்தான். அந்தக் கட்டத்துல அதுக்கு முந்தின எந்த நாளையும் எழுத விடாதீங்க. ஆபீஸ்ல காரணம் கேட்டா, என் கணக்கை அனுப்புறேன், காட்டுங்க.

பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே கிளம்பி வரேன். அப்பாகிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம்.

உங்க வாலு